அழிஞ்சில், உடை, கருவேல்: கடலோர மரத்தில் மம்பட்டிக் கணை செய்வது எப்படி?

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் டாக்வுட் என்று ஒரு சிறு மரம் உண்டு. தாவரவியலில் கார்னஸ் என்பார்கள். அடிமரம் பெரிதாகப் பருக்காது என்பதால் பலகை அறுக்க உதவாது. ஆனால் அதன் கட்டை எலும்பு மாதிரி இறுகியது. தேயத் தேய வழவழப்புக் கூடுமே தவிர சிராய் கிளம்பாது. நூலை அறுக்காமல் ஓட வேண்டிய தறி நாடா, அடி தாங்க வேண்டிய கொட்டாப்புளி (மரச் சுத்தியல்), கோல்ஃப் மட்டையின் தலை, கருவிகளின் காம்பு, இறைச்சி கோக்கும் குச்சி என்று அதைத் தேடித் தேடிப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

வீடியோவில் அதைப் பார்த்துவிட்டு, அந்தக் கட்டை இங்கே எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இமயமலைப் பக்கம் அதன் இனங்கள் சில வளர்கின்றன. நம் ராமநாதபுரம் கடலோரத்தில் கிடையாது. ஆனால் தாவரவியலார் இப்போது அதே குடும்பத்தில் வைத்திருக்கும் மரம் ஒன்று நம் புதர்க்காடுகளில் முள்ளோடு முள்ளாக நிற்கிறது. அதுதான் அழிஞ்சில். கூடவே உடையும் கருவேலும் இருக்கின்றன. தொண்டியிலிருந்து சாயல்குடி வரை, காம்புக்கு ஏற்ற கட்டைக்குப் பஞ்சமே இல்லை.

மம்பட்டி, கோடாரிக் காம்பைத்தான் கணை என்கிறோம். ஒரு கணை எத்தனை வருடம் உழைக்கும் என்பது, மரம் வெட்டிய அன்றும் அதைக் காயவைத்த ஆறு மாதத்திலுமே முடிவாகிவிடுகிறது. செதுக்குவது ஒருநாள் வேலைதான். புதிதாகத் தொடங்குபவர்கள் செதுக்கத்தான் அவசரப்படுகிறார்கள். அதனால் இந்தக் கட்டுரையில் வெட்டுவதும் காயவைப்பதும்தான் அதிக இடம் பிடித்திருக்கின்றன.

எந்த மரம்?

அழிஞ்சில் பெரும்பாலும் சிறுமரமாகவோ புதராகவோதான் நிற்கும். சிறு கிளைகளின் நுனி முள்ளாக முடியும். மாசி, பங்குனியில் இலை உதிர்ந்த கிளையில் வெள்ளைப் பூ மணத்தோடு பூக்கும். இதழ்கள் பின்பக்கமாகச் சுருண்டிருக்கும். பழம் சிவந்து, பிறகு கறுத்து, தலையில் சின்னக் கிரீடம் வைத்தது போலிருக்கும். செக்கு உலக்கைக்கும், கைத்தடிக்கும், மாட்டுக் கழுத்து மரமணிக்கும் பயன்பட்ட கட்டை இது. நேரான மூன்றடி கிடைப்பதுதான் கஷ்டம். கிடைத்தால் விடாதீர்கள். ஒன்றரை அடிதான் நேராக இருக்கிறது என்றால் அதைச் சுத்தியல் காம்புக்கும் உளிப் பிடிக்கும் எடுத்து வையுங்கள்.

உடை மரத்தை இந்தப் பக்கத்தில் யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. குடை விரித்தது போலத் தட்டையான தலை, நீண்ட வெள்ளை முள்ளும் குட்டைக் கொக்கி முள்ளும் கலந்த கிளைகள். கட்டை கனமானது, அடி தாங்கும். கிளைகள் படுத்து வளர்வதால் நேர்க்கட்டைக்கு அடிமரத்தை ஒட்டிய பகுதியைத்தான் பார்க்க வேண்டும்.

கருவேல்தான் கண்மாய் ஊர்களின் கணை மரம். மஞ்சள் உருண்டைப் பூ, மணி கோத்தது போன்ற காய். வைரம், அதாவது உள்ளே இறுகிய கட்டை, செம்பழுப்பு. கோடாரிக்கும் மம்பட்டிக்கும் புதியவர்கள் இதில் தொடங்குவதே நல்லது. நேர்க்கட்டை எளிதாகக் கிடைக்கும், பிளந்தால் ஒழுங்காகப் பிளக்கும்.

சீமைக்கருவேலை வெறும் கரிக்கட்டை என்று ஒதுக்க வேண்டாம். காயும்போது இவ்வளவு குறைவாகச் சுருங்கும் கட்டைகள் கொஞ்சம்தான். முதிர்ந்த தூரில் கிடைக்கும் செம்பழுப்பு வைரம் உளிப் பிடிக்கும் அரிவாள் பிடிக்கும் அருமையானது. கோணல்மாணலாக வளர்வதால்தான் நீளக் கணைக்கு உதவுவதில்லை. முள் குத்தினால் நுனி உள்ளேயே முறிந்து சீழ் வைக்கும். வெட்டப் போகும்போது ரப்பர்ச் செருப்புப் போதாது, கனமான தோல் செருப்போ பூட்ஸோ வேண்டும்.

பூவரசு நடுத்தர எடை. அதிகம் வெடிக்காது, இழைக்கச் சுகமானது. கத்திப் பிடிக்கும் துடுப்புக்கும் சரி. கோடாரிக்கு அதைவிடக் கடினமான கட்டை வேண்டும். சவுக்கு மிகக் கடினம்தான், ஆனால் காயும்போது வெடித்து முறுக்கிக்கொள்ளும். பனைச் சிலாம்பு கையில் ஏறும். ஓங்கி அடிக்கும் எந்தக் கருவிக்கும் பனை வேண்டாம்.

கரை ஒதுங்கிய கட்டையை எடுத்து வருபவர்களும் உண்டு. பார்க்க நன்றாகக் காய்ந்தது போலிருக்கும். உள்ளே உப்பு இறங்கியிருக்கும். வாடைக் காலத்தில் அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கட்டையை ஈரமாகவே வைத்திருக்கும், இரும்பையும் அரிக்கும். கடற்புழு துளைத்திருந்தால் துளை வெளியே குண்டூசித் தலை அளவும் உள்ளே விரல் பருமனும் இருக்கும். அலங்காரப் பொருளுக்கு வைத்துக்கொள்ளுங்கள், கணைக்கு வேண்டாம்.

எங்கே, எப்போது வெட்டுவது

சொந்தப் பட்டாவில் நிற்கும் மரம், அல்லது உரியவர் சம்மதித்த மரம், இரண்டில் ஒன்றுதான். கண்மாய்க் கரையிலும் புறம்போக்கிலும் நிற்பது அரசு மரம். கோயில் காட்டில் கை வைக்கக் கூடாது. காரங்காடு போன்ற இடங்களின் அலையாத்தி மரங்களும் மன்னார் வளைகுடாத் தீவுகளில் உள்ளவையும் பாதுகாக்கப்பட்டவை. விழுந்த கட்டையைக்கூட எடுக்காதீர்கள். அழிஞ்சில் எண்ணிக்கையில் குறைவு. தூரோடு சாய்க்காமல் ஒரு கிளையை மட்டும் எடுத்தால் மரமும் நிற்கும், அடுத்த கணையும் அங்கேயே வளரும்.

தை மாதம் வெட்டுவது சரி. வாடை மழை முடிந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது, கட்டை மெதுவாகக் காயும். ஐப்பசி, கார்த்திகையில் வெட்டினால் பூசணம் பிடித்துக் கறுக்கும். சித்திரை, வைகாசியில் வெட்டினால் இரண்டே நாளில் முனை வாய் பிளக்கும். தேய்பிறையில் வெட்டு என்று தச்சர்கள் சொல்வார்கள். மாதத்தைத் தவறவிடாமல் இருப்பது அதைவிட முக்கியம்.

கிளையைத் தேர்ந்தெடுக்கையில் பட்டையைப் பாருங்கள். பட்டையின் வெடிப்புகள் நேராக மேலேறினால் உள்ளே நாரும் நேர். கயிறு திரித்தது போலச் சுற்றி ஏறினால் நாரும் முறுக்குத்தான், அந்தக் கட்டை வேண்டாம். பருமன் நான்கிலிருந்து ஐந்து அங்குலம் இருக்கட்டும். பிளந்தால் இரண்டு முதல் நான்கு கணை தேறும். வெட்டியபின் முகத்தைப் பாருங்கள். நடுச்சோறு, அதாவது கட்டையின் நடுவே ஓடும் மென்மையான பகுதி, வட்டத்தின் மையத்தில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் அது சாய்ந்து வளர்ந்த கிளை. காயும்போது வில்லாக வளையும்.

கணை மூன்றடி என்றால் கட்டை நான்கடி. இரு முனையிலும் ஆறாறு அங்குலம் வெடிப்புக்குப் பலி போகும் என்று முதலிலேயே கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வெட்டிய அன்றே

முதல் வேலை முனையை அடைப்பது. ஈரம் கட்டையின் பக்கவாட்டில் வெளியேறுவதைவிட முனை வழியாகப் பல மடங்கு வேகமாக வெளியேறும். முனை மட்டும் முந்திக் காய்ந்து சுருங்க, நடுப்பகுதி ஈரமாகவே இருக்க, இடையில் வெடிப்பு விழும். படகுக்கு அடித்து மிஞ்சிய பெயின்ட் இருந்தால் இரண்டு கை கனமாகப் பூசுங்கள். உருக்கிய மெழுகும் சரி. எதுவும் இல்லையென்றால் சாணத்தைக் களிமண்ணோடு குழைத்து அரை அங்குலம் அப்புங்கள். உதிர்ந்தால் மறுபடி அப்ப வேண்டும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தால், கண்ணுக்குத் தெரியாத மயிரிழை வெடிப்பு அதற்குள் விழுந்திருக்கும். ஆறு மாதம் கழித்து இழைக்கும்போதுதான் அது தெரியும்.

இரண்டாவது, பிளப்பது. வாளால் அறுக்க வேண்டாம். வாள் நாரைப் பார்க்காது, கோட்டைத்தான் பார்க்கும். ஆப்பு நார் போகும் வழியிலேயே போகும். முகத்தில் நடுச்சோறு வழியாக ஒரு கோடு கிழித்து, இரும்பு ஆப்பை வைத்துக் கனமான கட்டையால் அடியுங்கள். வெடிப்பு ஓட ஓட இரண்டாவது ஆப்பைப் பக்கவாட்டில் செருகுங்கள். பிளந்த முகம் பலகை போல நேராக வந்தால் அது கணை மரம். விசிறி மடிப்பாகத் திரும்பியிருந்தால் விறகு.

நடுச்சோற்றைக் கட்டாயம் நீக்க வேண்டும். மரம் மையத்தை நோக்கிச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, வட்டச் சுற்றில் சுருங்கும். முழு உருளையாக வைத்தால் அந்தக் கூடுதல் சுருக்கத்துக்கு இடம் கிடைக்காமல் எங்காவது ஓரிடத்தில் மையம் வரை வாய் பிளந்தே தீரும். மெல்லிய முழுக் கம்பைத்தான் கணையாக்கப் போகிறோம் என்றால், ஒரு பக்கம் நீளவாக்கில் மையம் வரை வாளால் ஒரு கீறல் போட்டுவிடுங்கள். வெடிப்பு அங்கேயே விரியும், மற்றப் பக்கங்கள் தப்பும்.

பிளந்த துண்டைப் பட்டை நீக்கி, வாச்சியால் (மரம் கொத்தும் தச்சுக் கருவி) இரண்டு அங்குலச் சதுரமாகக் கொத்தி வையுங்கள். வைரத்தைச் சுற்றியுள்ள வெள்ளைப் பகுதியை எவ்வளவு நீக்க முடியுமோ அவ்வளவு நீக்குங்கள். துளைவண்டு தேடுவது அதிலுள்ள மாவுச்சத்தைத்தான். அடுக்குக்குக் கீழே மாவு போல வெண்தூள் உதிர்ந்து கிடந்தால் வண்டு இறங்கிவிட்டது என்று பொருள்.

பச்சைக் கருவேலைக் கொத்தினால் வாச்சியும் கையும் கறுக்கும். கட்டையிலுள்ள துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து மையாகிறது. எலுமிச்சைத் தோலால் தேய்த்தால் போகும். இதே காரணத்தால் ஈரக்கட்டையில் இரும்பு ஆணி அடிக்கவே கூடாது. ஆணியைச் சுற்றிக் கறுத்து, நார் நைந்து, அந்த இடத்திலேயே முறியும்.

காயவைத்தல்

நிழல், காற்று, உயரம் மூன்றும் வேண்டும். ஓலைக் கொட்டகைக்குக் கீழே, தரையிலிருந்து ஓரடி உயரத்தில் செங்கல் அடுக்கி அதன்மேல் வையுங்கள். துண்டுகளுக்கு இடையே முக்கால் அங்குலக் குச்சிகளைக் குறுக்கே வைத்து அடுக்க வேண்டும். குச்சிகள் ஒன்றுக்கு நேர்கீழே ஒன்றாக இருக்கட்டும். தள்ளி வைத்தால் மேல் பாரத்தில் கட்டை வளைந்துபோகும். அடுக்கின் முனை கடலைப் பார்க்கக் கூடாது. உப்புக்காற்று நேராக முனையில் மோதாதபடி ஒரு பனையோலைத் தட்டியை நிறுத்துங்கள். தகரக் கூரைக்குக் கீழே வேண்டவே வேண்டாம். பங்குனி வெயிலில் அது அடுப்பாகிவிடும். உச்சியில் ஒரு கனமான கல்லை வைத்தால் முறுக்கு குறையும். செங்கலைச் சுற்றிச் சாம்பல் போட்டு, வாரம் ஒருமுறை கரையான் மண்கோடு ஏறியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

எப்போது காய்ந்தது என்று தட்டிப் பார்த்துச் சொல்ல அனுபவம் வேண்டும். புதியவர்களுக்குத் தராசு போதும். ஒரு துண்டில் பென்சிலால் தேதியும் எடையும் எழுதுங்கள். பச்சையில் மூன்று கிலோ இருந்த துண்டு, காயக் காய இரண்டேகால் கிலோ பக்கம் இறங்கும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். தொடர்ந்து மூன்று முறை ஒரே எடை காட்டினால் அந்தத் துண்டு நம் ஊர்க் காற்றோடு சமமாகிவிட்டது. தையில் வெட்டிய இரண்டு அங்குலத் துண்டு ஆடியில் தயாராகிவிடும். மழை தொடங்குவதற்குள் மாட்டிவிட வேண்டும் என்பதால் இந்தக் கணக்கு நமக்குத் தோதாக அமைகிறது.

அடுப்புக்கு மேல் தொங்கவிடுவது, வெயிலில் போடுவது எல்லாம் மேல்தோலை மட்டும் காயவைக்கும். உள்ளே ஈரம் நிற்க, வெளியே இறுகி, பிறகு உள்ளுக்குள்ளேயே வெடிக்கும். வெளியே பார்த்தால் குறையே தெரியாது. முதல் வாரமே கணை இரண்டாகும்.

செதுக்குதல்

இழைக்குமுன் நார் ஓட்டத்தை ஒருமுறை சோதியுங்கள். பக்கவாட்டு முகத்தில் ஒரு சொட்டுப் பேனா மை விடுங்கள். மை நார் வழியாகவே நீண்டு ஓடும். அந்தக் கோடு கணையின் விளிம்புக்கு இணையாக இருக்க வேண்டும். ஓரடி நீளத்தில் அரை அங்குலத்துக்கு மேல் விலகினால் அந்தத் துண்டைச் சிறு பிடிகளுக்கு ஒதுக்கிவிடுங்கள். நார் பக்கவாட்டில் வெளியேறும் இடம்தான் கணை முறியும் இடம். கணுவும் அப்படியே. கைப்பிடி நுனியில் சின்னக் கணு இருந்தால் பரவாயில்லை. இரும்புத் தலைக்குக் கீழே ஆறு அங்குலத்துக்குள் ஒரு கணுவும் இருக்கக் கூடாது.

அளவுகள்: மம்பட்டிக்கு இரண்டரையிலிருந்து மூன்றடி, ஆளின் உயரத்தைப் பொறுத்து. ஒன்றரைக் கிலோக் கோடாரிக்கு இரண்டரை அடி. உளிப் பிடி ஐந்து அங்குலம். கொட்டாப்புளித் தலை ஆறு அங்குல நீளம், மூன்று அங்குலப் பருமன். கோடாரிக் காம்பின் குறுக்கு வெட்டு முட்டை வடிவாக இருக்க வேண்டும், ஏறக்குறைய 40 மி.மீ.க்கு 30 மி.மீ. உருண்டையாக இருந்தால் வெட்டு வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கைக்குத் தெரியாமல் போகும். மம்பட்டிக் கணை உருண்டையாக இருக்கலாம்.

சதுரத்தை எட்டு மூலை, பதினாறு மூலை என்று இழைப்புளியால் தட்டிக்கொண்டே வந்து உருட்டுங்கள். எடுத்த எடுப்பில் உருட்டப் போனால் ஒரு பக்கம் ஒட்டிப்போகும். உடையிலும் அழிஞ்சிலிலும் இழைப்புளி கவ்வித் தெறிக்கும் இடம் வரும். அங்கே அலகை நிறுத்திவிட்டு அரத்துக்கு மாறுங்கள். கடைசியில் உடைந்த கண்ணாடித் துண்டின் விளிம்பால் சீவினால், காகிதம் போலச் சுருள் வரும். பிறகு 80, 120 எண் உப்புத்தாள் போதும். கண்ணாடியாய் மின்னும்வரை தேய்த்தால் வியர்வைக் கையில் வழுக்கும். இழைக்கும் தூள் மூக்கில் போகாமல் துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள்.

மாட்டுதல்

மம்பட்டியில் கணை நுழையும் துளையைக் கையால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகியும் இருக்கும். உள்ளே பிசிறு இருந்தால் அரத்தால் நீக்குங்கள், இல்லையென்றால் அது நாரை அறுத்துக்கொண்டே இருக்கும். துளைக்குள் கரி பூசி, கணையை நுழைத்து எடுத்தால் உராயும் இடம் கறுப்பாகத் தெரியும். அந்த இடத்தை மட்டும் சீவுங்கள். ஐந்தாறு முறை நுழைத்து எடுத்தால்தான் முழுப் பொருத்தம் வரும். அவசரப்பட்டு அதிகம் சீவினால் அந்தக் கணை அந்த மம்பட்டிக்குப் போயிற்று.

பொருத்துவதற்கு மூன்று நாள் முன்பு, துளைக்குள் போகும் முனையை மட்டும் வெயிலில் சுட்ட ஆற்று மணலில் புதைத்து வையுங்கள். கடல் மணல் வேண்டாம், உப்பு ஏறும். அந்த முனை மற்றப் பகுதியைவிடக் கூடுதலாகக் காய்ந்திருக்கும். மாட்டிய பிறகு காற்றின் ஈரத்தை வாங்கிச் சற்று உப்பி, தானாகவே இறுகும்.

முனையில் துளை ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு வாளால் ஒரு கீறல் போடுங்கள். தலையை நுழைத்து, கணையைத் தலைகீழாக அந்தரத்தில் பிடித்துக்கொண்டு, கைப்பிடி முனையைக் கொட்டாப்புளியால் தட்டுங்கள். இரும்பு தன் எடையாலேயே மேலேறிக் கவ்வும். இரும்பை அடித்து இறக்கினால் நார் கசங்கும். பிறகு கீறலில் மர ஆப்பு. கணையைவிடக் கடினமான, நன்கு காய்ந்த கட்டையில் செய்தது; அழிஞ்சில் துண்டு இதற்கென்றே பிறந்தது. உப்பளத்தில் வேலை செய்யும் கருவிக்கு இரும்பு ஆப்புப் போடவே வேண்டாம். ஒரு வருடத்தில் துருவாகி, சுற்றியுள்ள மரத்தையும் தின்றுவிடும்.

தலை ஆடினால் மம்பட்டியைத் தண்ணீரில் ஊறப்போடும் வழக்கம் நம்மிடம் எங்கும் இருக்கிறது. அன்றைக்கு இறுகும், உண்மைதான். ஆனால் இரும்பு வளையத்துக்குள் உப்ப இடமில்லாமல் நார் நசுங்குகிறது. காய்ந்ததும் முன்பைவிடச் சிறுத்துவிடும். நாலைந்து முறை ஊறவைத்த கணை பிறகு எந்த ஆப்புக்கும் கட்டுப்படாது. தலை ஆடினால் ஆப்பை இன்னும் உள்ளே தட்டுங்கள், அல்லது கழற்றிப் புதிய ஆப்புப் போடுங்கள்.

எண்ணெய்

வார்னிஷ் வேண்டாம், கை கொப்பளிக்கும். பெயின்ட் கடையில் கிடைக்கும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்த்து, அரை மணி கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். ஒருநாள் இடைவெளி விட்டு மூன்று முறை. முனைகள் கூடுதலாகக் குடிக்கும், அங்கே நிறைய விடுங்கள். வேப்பெண்ணெய், புங்க எண்ணெய் இரண்டும் உலராமல் பிசுபிசுக்கும். எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் உலரும்போது வெப்பம் வெளிவிடும். சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயப்போட்டு, காய்ந்தபின் எறியுங்கள். ஓலைக் கொட்டகையில் வேலை செய்பவர்கள் இதை மறக்கவே கூடாது.

மிச்சக் கட்டை

ஒதுக்கிய துண்டுகளில் ஐந்தாறு அங்குலம் நேராக இருப்பவை உளிப் பிடியாகும். பிடியின் அடிவாங்கும் முனையில் இரும்புப் பூண் மாட்டினால் சிதறாது. ஒரு சாண் நீள மெல்லிய சிலாம்புகளில் வலை பின்னும் ஊசி செதுக்கலாம். நூலோடு ஓடுவதற்கு அழிஞ்சிலின் வழவழப்பு பிளாஸ்டிக்குக்குச் சளைத்ததில்லை. பரமக்குடி, எமனேஸ்வரம் பக்கம் கைத்தறி வைத்திருப்பவர் யாரையாவது தெரிந்தால், நன்கு காய்ந்த ஒரு நேர்த்துண்டைக் கொடுத்து நாடா செய்து ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். வளைந்த உடைக் கிளைகளை விறகாக்குமுன் வத்தை (மீன்பிடிப் படகு) கட்டும் ஆசாரியிடம் காட்டுங்கள். படகின் விலா எலும்பு போன்ற வங்கு வைக்க இயற்கையாகவே வளைந்த கட்டைதான் வேண்டும், நேர்க்கட்டையை வளைத்து அறுத்தால் நார் அறுந்து பலம் போய்விடும்.

முறிந்த கணையையும் உடனே அடுப்பில் வைத்துவிட வேண்டாம். முறிந்த முகத்தைப் பாருங்கள். நீண்ட நார்களாகக் கிழிந்திருந்தால் மரம் நல்லது, அளவுக்கு மீறி நெம்பியிருக்கிறீர்கள். சாய்வாக வழுவழுவென்று பிளந்திருந்தால் நார் ஓட்டத்தைச் சோதிக்கத் தவறியிருக்கிறீர்கள். பிஸ்கட் போலக் குட்டையாக ஒடிந்திருந்தால் கட்டை உளுத்தது. துளையை ஒட்டிக் கறுத்து ஒடிந்திருந்தால் துருவும் ஈரமும் செய்த வேலை. அந்த மம்பட்டியில் அடுத்த கணை மாட்டுமுன் துளையைச் சுரண்டித் துருவை எடுத்துவிட்டு எண்ணெய் தடவுங்கள்.